சொன்ன பேச்சை நாய் கேட்கவில்லையா? செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

இதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் நாய் எதைச் செய்து உயிரை வாங்குகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் எந்தத் தலைப்புக்குப் போனாலும் ஒரு கேள்வியைக் கையோடு கொண்டுபோங்கள்: இதைச் செய்வதால் நாய்க்கு என்ன கூலி கிடைக்கிறது? கூலி இல்லாத வேலையை எந்த நாயும் நாள்கணக்காகச் செய்துகொண்டிருக்காது. குரைத்தால் தபால்காரர் போய்விடுகிறார், அது கூலி. மேலே தாவினால் பேரப்பிள்ளைகள் கத்திச் சிரிக்கிறார்கள், அதுவும் கூலி. சாப்பாட்டு நேரத்தில் முனகினால் அப்பத்தா யாருக்கும் தெரியாமல் ஒரு இட்லித் துண்டைத் தள்ளிவிடுகிறார்கள், அது பெரிய கூலி. கொடுக்கிற ஆள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்.

"நாலு போடு போட்டால் சரியாகிவிடும்", "நான்தான் இங்கே தலைவன் என்று அதற்குக் காட்ட வேண்டும்" என்கிற ஆட்கள் ஊருக்கு ஊர் உண்டு. இந்தத் தலைவன் கதை, உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் போட்டுக் கவனித்ததில் கிளம்பியது. ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் 1947இல் எழுதியது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டில் இருக்கும் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், குட்டிகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999இல் விளக்கி எழுதிவிட்டார். ஆனாலும் நம்ம ஊரில் இன்னமும் நாயை மல்லாக்கப் போட்டு அமுக்குகிறார்கள். அடியால் நாய் ஒன்றைக் கற்றுக்கொள்கிறது என்றால், அது உங்கள் கை வரும் நேரத்தில் எப்படி நழுவுவது என்பதைத்தான்.

திடீரென்று மாறிவிட்டதா? முதலில் உடம்பு

நேற்றுவரை ஒழுங்காக இருந்த நாய் இன்று மாறினால் பழக்கத்தைக் குறை சொல்லாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். வெளியே போய்ப் பழகிய நாய் வீட்டுக்குள் ஒன்றுக்குப் போக ஆரம்பித்தால் சிறுநீர்த் தொற்று, சர்க்கரை, சிறுநீரகம் எதுவாகவும் இருக்கலாம். தொட்டதும் உறுமினால் காது வலியோ பல் வலியோ இடுப்பு வலியோ. சாப்பிடாமல் சுருண்டு படுத்து யாரையும் கிட்டே சேர்க்காவிட்டால் காது மடலையும் விரலிடுக்கையும் பிரித்துப் பாருங்கள், உண்ணிக் காய்ச்சல் நம்ம பக்கத்து வெக்கைக்குச் சாதாரணமாக வருகிற ஒன்று. கையால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு கட்டவும் வேண்டாம். நாயின் இயல்பான சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும்.

எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல், குரல் மாறி, கண்டதைக் கடிக்கிற நாய் என்றால் கதை வேறு, வெறிநோயாக இருக்கலாம். தொடவே கூடாது. முடிந்தால் கதவைச் சாத்தி அடைத்துவிட்டு மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகிறது

குட்டியா, வளர்ந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். குட்டி என்றால் அதன் வயதை மாதத்தில் எண்ணி ஒன்று கூட்டுங்கள், அத்தனை மணி நேரம்தான் அதிகபட்சம் அடக்கும். மூன்று மாதக் குட்டிக்கு நான்கு மணி நேரம், அதுவும் தூங்கினால்தான். விழித்ததும், தின்றதும், விளையாடி ஓய்ந்ததும் வெளியே தூக்கிக்கொண்டு போங்கள். போய் முடித்த அந்த நொடியில், அங்கேயே, வேகவைத்த ஈரல் ஒரு பட்டாணி அளவு கொடுங்கள். வீட்டுக்குள் வந்தபிறகு கொடுத்தால் உள்ளே வந்ததற்குக் கூலி கொடுத்ததாக ஆகிவிடும்.

செட்டிநாட்டு வீட்டில் இதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது, வெளியூர் ஆட்கள் சொல்லும் எந்த யோசனையிலும் இது வராது. நடுவில் வளவு. மேலே வானம் தெரிகிறது, வெயில் இறங்குகிறது, மழை கொட்டுகிறது, தண்ணீர் போக ஓட்டையும் இருக்கிறது. நாயைக் கேட்டால் அது வெளியேதான்! குட்டி முற்றத்தில் போகிறது, நாமும் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றித் தள்ளிவிட்டுச் சும்மா இருக்கிறோம். ஆனால் நாய் வீடு எது, வெளி எது என்று பெரிதாகப் பிரித்துக்கொள்வதில்லை. காலுக்கடியில் எந்தத் தரை இருந்தால் போகலாம் என்பதைத்தான் மனதில் ஏற்றிக்கொள்கிறது. முற்றத்துக் கல்லில் பழகினால் பட்டாலைக் கூடத்தில் போகும், அப்புறம் கல்யாணத்துக்கு வந்தவர்கள் விரித்த ஜமுக்காளத்திலும் போகும். அதனால் முதல் நாளிலிருந்தே கொல்லையில் செம்மண் உள்ள ஒரு மூலையைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் போனதைத் துடைத்த துணியை அங்கே கொண்டுபோய்ப் போட்டால் வாசனை வேலையைச் சுலபமாக்கும். குட்டி பழகும்வரை முற்றத்துப் பக்கம் தனியாக விடாதீர்கள். நாலு கட்டு வீட்டில் குட்டியைச் சுற்ற விட்டுவிட்டுத் தேடிக்கொண்டிருப்பதைவிட ஒரே ஒரு அறையில் வைத்துக்கொள்வது நல்லது.

துடைக்கிற விஷயத்தில் கவனம். ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் செய்தது, கண்ணாடிப் பலகைமேல் ஊற்றி வார்ப்பதால்தான் அந்தப் பளபளப்பு. அதில் ஆசிட் ஊற்றினாலும் சரி, யூடியூபில் சொல்கிறார்கள் என்று வினிகர் ஊற்றினாலும் சரி, நிறம் அரித்துப்போகும். ஃபினாயில் நம்ம மூக்கைத்தான் ஏமாற்றும், நாய்க்கு அடியில் இருக்கிற வாசனை தெரிந்துகொண்டே இருக்கும். செல்லப்பிராணிக் கடைகளில் என்சைம் கிளீனர் என்று கேட்டால் கிடைக்கும். ஒரு மூலையில் சோதித்துப் பார்த்துவிட்டு, ஊற்றிக் கொஞ்சநேரம் ஊறவிட்டுத் துடையுங்கள், கல்லுக்குக் கல் இடையில் இருக்கும் இணைப்பில்தான் நாற்றம் தங்குகிறது.

வளர்ந்த ஆண் நாய், கொஞ்சம் கொஞ்சமாக, தேக்குத் தூணின் அடியிலும் கதவு நிலையிலும் மட்டும் காலைத் தூக்குகிறதா? அடக்கமுடியாமல் போவது வேறு, இது எல்லை குறிப்பது. கருத்தடை செய்தால் பல நாய்களில் குறையும், ஆனால் வருஷக்கணக்காக ஊறிய பழக்கம் என்றால் முழுசாக நிற்காது. இன்னொரு வகை உண்டு: யாராவது வந்து குனிந்து தலையைத் தடவப் போனால் குட்டி உடம்பைத் தாழ்த்திக்கொண்டு சிறுநீர் விட்டுவிடும். அது பயத்தில், பணிவில் வருவது. அதட்டினால் கூடும். வருகிறவர்களைக் குனியாமல், கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் உட்காரச் சொல்லுங்கள்.

மூக்கை அதிலே தேய்ப்பதால் ஒரு பயனும் இல்லை. நீங்கள் பார்க்காதபோது சோபாவுக்குப் பின்னால் போகக் கற்றுக்கொள்ளும்.

போகிறவர் வருகிறவரை எல்லாம் குரைக்கிறது

கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று எங்கே பார்த்தாலும் நம்ம பழைய வீடுகள் முகப்பில் நின்றால் கொல்லைக் கதவுவரை நேராகத் தெரியும்படி கட்டியவை, பல வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் படுத்துக்கொண்டு நாய் இரண்டு தெருவையும் ஒரே நேரத்தில் மேய்க்கிறது. சனி ஞாயிறு என்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் படமெடுக்க வருகிறவர்கள் வேறு. நாய் குரைக்கிறது, அவர்கள் நாலு படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். எப்படியும் போகப்போகிறவர்கள்தான், ஆனால் நாயின் கணக்கில் தான் குரைத்ததால்தான் போனார்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை இந்த வெற்றி கிடைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் முதல் வேலை பார்வையை மறிப்பது. முகப்புக் கதவைச் சாத்துங்கள், முடியாவிட்டால் ஒரு மூங்கில் தட்டியோ கோரைப்பாயோ நாயின் கண் உயரத்துக்குக் கட்டுங்கள். அழகு கெடுகிறது என்றால் நாயை உள்கட்டுக்கு மாற்றுங்கள். இதைச் செய்யாமல் பயிற்சி மட்டும் கொடுத்துப் பயனில்லை, நீங்கள் காலையில் பத்து நிமிஷம் சொல்லித் தருவதை அது பகல் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து அழித்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் பயிற்சி. தெரிந்தவர் ஒருவரைத் தெருமுனையிலிருந்து மெதுவாக வரச் சொல்லுங்கள். நாய் அவரைப் பார்த்துவிட்டது, காது நிமிர்ந்துவிட்டது, ஆனால் இன்னும் குரைக்கவில்லை. அந்த இடைவெளியில் தின்பண்டம் கொடுங்கள். ஆள் தெரிந்தால் தின்பண்டம், ஆள் மறைந்தால் அதுவும் நின்றுவிடும். குரைக்க ஆரம்பித்துவிட்டால் ஆள் மிக அருகில் வந்துவிட்டார் என்று அர்த்தம், தூரத்தைக் கூட்டுங்கள். சில நாட்களில், ஆளைப் பார்த்ததும் நாய் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அதைத்தான் நாம் எதிர்பார்க்கிறோம். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவரலாம்.

"காவலுக்குத்தானே வளர்க்கிறோம், குரைக்கட்டுமே" என்பார்கள் பெரியவர்கள். பால்காரருக்கும் குரைத்து, மயிலுக்கும் குரைத்து, காற்றில் ஆடுகிற வேட்டிக்கும் குரைக்கிற நாய் நிஜமாகவே திருடன் வருகிற அன்று குரைத்தால் யார் எழுந்து போய்ப் பார்ப்பார்கள்? இரண்டு மூன்று முறை குரைத்துவிட்டு "போதும்" என்றதும் உங்களிடம் வருகிற நாய்தான் காவலுக்கு ஆகும். அதற்கு, குரைத்ததும் அமைதியாக எழுந்துபோய்ப் பார்த்து, "போதும்" என்று ஒரே ஒருமுறை சொல்லி, மூக்குக்கு நேராகத் தின்பண்டத்தைக் காட்டி வாயை மூட வைத்து, மூடிய பிறகு கொடுத்துப் பழக்க வேண்டும்.

ராத்திரி மட்டும் குரைத்தால்: தெருநாய்ச் சத்தம் வளவில் எதிரொலித்துப் பெரிதாகக் கேட்கும், மின்விசிறி ஓடுகிற உள்ளறையில் படுக்க வையுங்கள். வயதான நாய் காரணமில்லாமல் சுவரைப் பார்த்துக் குரைத்தால் அது மூளைத் தளர்ச்சியாக இருக்கலாம், மருத்துவர் வேலை.

சாப்பிடும்போது முனகுகிறது, கையைச் சுரண்டுகிறது

காரணம் வீட்டில் ஒரு ஆள். யார் என்று உங்களுக்கே தெரியும். கூலியை நிறுத்தியதும் முனகல் உடனே குறையாது, முதலில் கூடும். கூடுவதைப் பார்த்து "இது வேலைக்காகாது" என்று விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. ஒரு வாரம் எல்லாரும் கட்டுப்பாடாக இருந்து, எட்டாம் நாள் ஐயா மனம் இரங்கி ஒரு துண்டு போட்டால் பழையபடி ஆவதுகூட இல்லை, பழையதைவிட மோசமாகும், ஏனென்றால் எப்போதாவது கிடைக்கிற கூலிதான் நாயை விடாப்பிடியாக நிற்க வைக்கிறது. அப்பத்தாவிடம் "கொடுக்காதீர்கள்" என்று சொல்லி ஜெயிக்க முடியாது. "நீங்கள் சாப்பிட்டு எழுந்தபிறகு, கொல்லையில், அதன் தட்டில் வையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள், சம்மதிப்பார்கள்.

நம்ம சமையலில் இருந்து நாய்க்கு ஆகாதவை: சின்ன வெங்காயம், பூண்டு (இவை இல்லாத குழம்பு இங்கே ஏது), பாயசத்து உலர் திராட்சை, சாக்லேட், சமைத்த கோழி எலும்பு. கடைசியாகச் சொன்னது ஈட்டியாக உடைந்து குடலைக் கிழிக்கும். கல்யாண வீட்டில் எச்சில் இலை போடும் பக்கம் நாயை விடவே கூடாது.

கதவு, நிலை, செருப்பு எல்லாவற்றையும் கடிக்கிறது

நான்கு மாதம் முதல் ஆறேழு மாதம்வரை 28 பால்பற்கள் விழுந்து 42 பற்கள் முளைக்கும், ஈறு ஊறும், கடித்தே தீரும். சித்திர வேலை செய்த பர்மா தேக்கு நிலையும் பத்து ரூபாய் விறகும் அதற்கு ஒன்றுதான். கிட்டே போகாமல் தடுப்பு வையுங்கள். பதிலுக்கு, ஈரத்துணியை முறுக்கி முடிச்சுப் போட்டு ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள், பெரிய கேரட் கொடுங்கள், உள்ளே தயிர்சோறு அடைத்து உறைய வைக்கிற ரப்பர் பொம்மை வாங்குங்கள். கொட்டாங்குச்சியைக் கொடுக்காதீர்கள். பழைய செருப்பைக் கொடுத்தால் புதுச் செருப்பு எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

கையைக் கடித்து விளையாடினால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், இழுத்தால் விளையாட்டு சூடுபிடிக்கும். சத்தமில்லாமல் எழுந்து போய்விடுங்கள், அரை நிமிஷம் கழித்து வாருங்கள். கடித்தால் ஆட்டம் முடிந்தது என்று புரியும்வரை. ஒரு வயது தாண்டியும் மரத்தைக் கடித்தால் பெரும்பாலும் அதற்குப் பொழுது போகவில்லை.

மேலே தாவுகிறது

நான்கு காலும் தரையில் இருந்தால்தான் தொடுவேன் என்று இருங்கள். தாவினால் முதுகைக் காட்டுங்கள், இறங்கியதும் குனிந்து தடவுங்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வருகிற அன்று கழுத்தில் கயிறு போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கு நீங்கள் சொல்லிக் கொடுக்க முடியாது.

கூப்பிட்டால் வருவதில்லை

வெள்ளை ராஜபாளையம் நாயா? முதலில் காதைச் சோதியுங்கள். 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு இந்திய நாய் இனங்களில் ஒன்று அது, பெருமைதான். ஆனால் அந்த வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் அந்த இனத்தில் அடிக்கடி வருகிறது. நாய் தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காலால் தரையை உதைக்கக் கூடாது, அதிர்வை உணர்ந்து எழுந்துவிடும். காற்று அதன் மேல் படாத தூரத்தில் நின்று இடது, வலது என்று தனித்தனியாகச் செய்து பாருங்கள். காது அசையவே இல்லையா? சொல் பேச்சுக் கேட்காத நாய் என்று அதுவரை திட்டிக்கொண்டிருந்தது அநியாயம். கைச் சைகையாலும் இருட்டில் டார்ச்சை அணைத்து ஏற்றியும் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கலாம். அவிழ்த்துவிடுவது மட்டும் சுவர் உள்ள இடத்தில்தான்.

காது நன்றாக இருக்கிறதா? அப்படியானால் கணக்கைப் பாருங்கள். எதற்கெல்லாம் கூப்பிடுகிறீர்கள்? குளிப்பாட்ட, மருந்து ஊற்ற, கட்டிப்போட, திட்ட. வந்தால் நஷ்டம் என்று நாய் கண்டுபிடித்துவிட்டது. ஒரு நாளில் பலமுறை சும்மா கூப்பிடுங்கள், வந்ததும் ஈரல் கொடுத்து, திரும்பப் போய் விளையாட விடுங்கள். குளிப்பாட்ட வேண்டுமென்றால் நீங்களே நடந்துபோய்ப் பிடித்துக்கொண்டு வாருங்கள். வீட்டில் ஒருவர் "வா", இன்னொருவர் "கம்", பையன் "டேய்", வாட்ச்மேன் சீட்டி அடிக்கிறார் என்றால் எல்லாரும் உட்கார்ந்து ஒன்றை முடிவு செய்யுங்கள். ஐந்து முறை கத்தாதீர்கள், ஒருமுறை சொல்லுங்கள்.

வெளியில் பழக்கக் கிணற்றுத் தாம்புக்கயிறு போதும், பத்து மீட்டர் இருந்தால் நல்லது. கழுத்துப்பட்டையில் கட்டாமல் நெஞ்சுப்பட்டையில் கட்டுங்கள், வேகமாக ஓடிக் கயிறு முடிகிற இடத்தில் கழுத்து முறியக்கூடாது.

சிப்பிப்பாறை, கன்னி இன வேட்டை நாய் வைத்திருக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஓடுகிறதைக் கண்டால் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம். துரத்துவதே அதற்குக் கூலி, உங்கள் கையில் இருக்கிற எந்த ஈரலும் அதற்கு ஈடில்லை. பயிற்சியால் பாதி வரும், மீதிக்குக் கயிறுதான். ஊருணிக் கரையில் ஆடு மேய்கிறது, வயலில் மயில் திரிகிறது. ஆட்டைக் கடித்தால் பணத்தோடு போகும், மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் உள்ள பறவை, அதைக் கடித்தால் வனத்துறை வரும். வேட்டைக்குத் தயார் பண்ணுகிறேன் என்று முயலைத் துரத்த விட்டுப் பழக்குகிறவர்களுக்கு நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

நடக்கப் போனால் இழுத்துக்கொண்டு போகிறது

கயிறு விறைத்தால் நில்லுங்கள், தளர்ந்தால் நடங்கள். முதல் நாட்களில் தெருமுனையைத் தாண்ட மாட்டீர்கள், பரவாயில்லை. சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிடுகிற நாய் பல நேரம் பிடிவாதக்கார நாய் இல்லை, கால் சுடுகிறது.

ஆத்தங்குடித் தரையில் நடக்கவே பயப்படுகிறது

வழுக்குகிறது, அவ்வளவுதான். நகத்தை வெட்டுங்கள், பாதத்துக்கடியில் வளர்ந்த முடியைக் கத்தரியுங்கள், நடைபாதையில் சாக்கோ ரப்பர் விரிப்போ போடுங்கள். குட்டியையும் வயதானதையும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள், ஒருமுறை கால் விரிந்து விழுந்தால் அந்தக் கட்டுப் பக்கமே வராது.

தட்டுப் பக்கம் போனால் உறுமுகிறது

உறுமினால் அடிக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம்ம வீடுகளில் முதலில் நடப்பது அதுதான். உறுமல் என்பது "இதற்குமேல் வராதே" என்கிற எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் பயம் நிற்காது, எச்சரிக்கைதான் நிற்கும். அடுத்தமுறை சத்தமே இல்லாமல் கடிக்கும், "ஒன்றும் செய்யாமல் திடீரென்று கடித்துவிட்டது" என்பீர்கள்.

நாய்க்கு இருக்கும் பயம், மனிதன் வந்தால் தட்டு போய்விடும் என்பது. சாப்பிடும்போது தட்டை எடுத்துப் பார்ப்பது, கையை விட்டுக் கலக்குவது எல்லாம் அந்தப் பயத்தை உண்மையாக்குகிற வேலை. எதிராகச் செய்யுங்கள். வெறும் சோறு தின்னும்போது, அது உறுமாத தூரத்தில் நின்று ஒரு ஈரல் துண்டைத் தட்டில் விழும்படி எறிந்துவிட்டுப் போய்விடுங்கள். நாள் போகப்போக ஒரு அடி கிட்டே. நீங்கள் வருவதைப் பார்த்து வாலை ஆட்டி நிமிர்கிறது என்றால் சரியாகப் போகிறது. உடம்பு விறைத்து, தின்பதை நிறுத்தி, கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள், பின்னால் போங்கள். வாயில் எதையாவது கவ்விக்கொண்டு தரமாட்டேன் என்றால் பிடுங்காமல் மேலானதைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

குழந்தைகளை இந்தப் பயிற்சியில் சேர்க்காதீர்கள். விசேஷத்துக்கு வீடு நிறைய உறவு வரும் நாட்களில் நாய்க்குத் தனி அறையில், கதவைத் தாழிட்டுச் சோறு வையுங்கள். ஏற்கெனவே ஒருமுறை தோல் கிழியக் கடித்த நாய் என்றால் இங்கே எழுதியிருப்பதை நம்பித் தொடங்காமல் கால்நடை மருத்துவரைக் கேட்டு, நடத்தை தெரிந்த ஆளை நேரில் பார்க்க வையுங்கள்.

தனியாக விட்டால் ஊளையிடுகிறது

பொழுதுபோகாமல் செய்வது வேறு, பயத்தில் செய்வது வேறு. போனை வீடியோவில் வைத்துவிட்டு வெளியே போங்கள். கொஞ்சநேரம் தூங்கி, அப்புறம் எழுந்து தலையணையைப் பிய்த்தால் சலிப்பு. நீங்கள் வாசல் தாண்டிய ஐந்து நிமிஷத்துக்குள் மூச்சிரைத்து, எச்சில் ஒழுக, கதவையே பிறாண்டினால் பயம். பயத்துக்குச் சின்னச் சின்னப் பிரிவாகப் பழக்க வேண்டும்: சாவியை எடுத்துவிட்டு உட்காருங்கள், செருப்பைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போங்கள், கதவைத் தாண்டிப் பத்து நொடியில் திரும்புங்கள். நிறையப் பேர் இருக்கும் விசேஷ நாட்கள் முடிந்து எல்லாரும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பி, அவ்வளவு பெரிய வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சுகிற வாரத்தில்தான் இது அதிகம் வருகிறது. ஊருக்குப் போகிறவர்கள் கடைசி சில நாட்களில் நாயைக் கொஞ்சுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் உதவி.

வெடிச் சத்தத்துக்கு நடுங்குகிறது

இங்கே கூலிக் கணக்கு செல்லாது. பயம் ஒரு வேலை இல்லை, அதை ஆறுதல் சொல்லி வளர்க்க முடியாது. அணைத்துக்கொண்டால் பயம் பழகிவிடும் என்று சொல்வதை நம்பாமல், கிட்டே வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம், கோவில் திருவிழா, தீபாவளி, மஞ்சுவிரட்டு என்று வெடிக்குக் குறைவில்லாத ஊர் நம்முடையது, ஆனால் தேதி முன்கூட்டியே தெரியும். செட்டிநாட்டு வீட்டில் ஒரு வசதி, சுவர் கனமானது. தெருவை ஒட்டாத உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியும் டிவியும் போட்டு, மாலையிலேயே வெளிக்குப் போகவைத்துச் சாப்பாடு கொடுத்துவிடுங்கள். கழுத்துப்பட்டையில் போன் நம்பர் இருக்கட்டும், வெடிக்குப் பயந்து கொல்லைச் சுவரைத் தாண்டி ஓடுகிற நாய்கள் உண்டு.

மற்ற மாதங்களில் வெடிச் சத்தத்தைப் போனில் மிக மெல்லிதாக வைத்து, கூடவே தின்பண்டம் கொடுத்து, நாளடைவில் கூட்டலாம். ரொம்ப நடுங்குகிற நாய்க்கு மருத்துவரிடம் மாத்திரை கேளுங்கள், முந்தின வாரமே. வெறும் மயக்க மருந்து என்றால் எதற்கு என்று கேளுங்கள், சில மருந்துகள் உடம்பைத்தான் அசையாமல் போடும், பயம் உள்ளே அப்படியே இருக்கும்.

கட்டிப்போட்ட நாய் எல்லாரையும் கடிக்க வருகிறது

பூட்டிக் கிடக்கும் வீடு, வாட்ச்மேன், கொல்லையில் ஒன்றரை மீட்டர் சங்கிலியில் ஒரு நாய். இந்தக் காட்சி இங்கே சாதாரணம். இருபத்திநாலு மணி நேரமும் கட்டிக் கிடக்கிற நாய்க்கு ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது, அதற்கு மிச்சம் இருப்பது பாய்வது மட்டும்தான். இதைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது. கொல்லை முழுக்கச் சுவர்தான் இருக்கிறதே, கேட்டைச் சாத்திவிட்டு அவிழ்த்துவிடுங்கள். நிழல், மாற்றி வைத்த தண்ணீர், காலையும் மாலையும் வெளியே அரைமணி நேரம். வெளியூரில் இருக்கும் முதலாளி வாட்ச்மேனுக்கு நாய்க்கென்று தனியாகப் பணம் அனுப்ப வேண்டும், அவர் சம்பளத்தில் பிடித்து அல்ல. முதலில் தெரிந்தவர்களை மட்டும், கேட்டுக்கு வெளியே நின்று தின்பண்டம் எறிந்து பழக்கலாம்.

கடித்துவிட்டது

வீட்டு நாய், குட்டி நாய், ஊசி போட்ட நாய், கீறல்தான் என்று எதையும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் முழுசாக 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக்கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி வேறு ஒரு ஊசியும் போடுவார்கள். தோலில் போடுகிற முறை என்றால் 0, 3, 7, 28ஆம் நாட்கள், தசையில் என்றால் நடுவில் 14ஆம் நாளும் சேரும். கடித்த நாயைக் கொல்லவோ துரத்திவிடவோ வேண்டாம், 10 நாள் கட்டிவைத்துக் கவனியுங்கள். அது பத்தாம் நாளும் நன்றாகத் தின்று திரிந்தால் மீதி ஊசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் ஆண்டுக்கு ஒருமுறை. அட்டையை பீரோவுக்குள் வைக்காமல் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கடிபட்டவர் வீட்டிலிருந்து வந்து முதலில் அதைத்தான் கேட்பார்கள்.